போர்ட்டோஃபினோவில் அரை நாள்: ஒன்பது மணிக்குப் போய் ஒரு மணிக்குக் கிளம்புங்கள்

போர்ட்டோஃபினோவுக்கு அரை நாள் தாராளமாகப் போதும். ஆனால் எந்த அரை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் துறைமுகச் சதுக்கத்தில் நிற்பவர் பார்க்கும் ஊர் வேறு, பதினொன்றரைக்கு வந்து சேர்பவர் பார்க்கும் ஊர் வேறு. முதலாமவருக்குக் கடைக்காரர்கள் கதவு திறக்கும் சத்தமும், படகில் கயிறு சுருட்டும் ஆளும், சுவர்களில் நேராக விழும் வெயிலும் கிடைக்கும். இரண்டாமவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முன்னால் போகிறவரின் முதுகு. இத்தாலிக்குப் போகும் நம்மவர்களில் நிறையப் பேர் பிற்பகலில் இங்கே எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கே என்ன இருக்கிறது, விலைதான் இருக்கிறது" என்று சொல்லித் திரும்புகிறார்கள். அந்த அபிப்பிராயத்தை மாற்றத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஊர் இருப்பது இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா மாநிலத்தில், ஜெனோவாவுக்குக் கிழக்கே. கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு மலைமுனையின் நுனியில் ஒளிந்த மாதிரி ஒரு சின்னக் குடா, அதைச் சுற்றி வீடுகள். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. ரோமானியர் காலத்துப் பெயர் போர்த்துஸ் டெல்ஃபினி, டால்ஃபின்களின் துறைமுகம் என்று பொருள். ரோமானிய எழுத்தாளர் பெரிய ப்ளினி தன் நூலில் இந்தப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்.

முதல் தவறு ரயில் டிக்கெட்டிலேயே நடக்கும். போர்ட்டோஃபினோவில் ரயில் நிலையம் கிடையாது. இறங்க வேண்டியது சாந்தா மார்கெரிட்டா லிகுரே – போர்ட்டோஃபினோ என்ற நிலையம். இது ஜெனோவா – பிசா பாதையில் வருகிறது. ஜெனோவா ப்ரிஞ்ஞோலே நிலையத்திலிருந்து சாதாரண பிராந்திய ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். லா ஸ்பெட்சியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். மிலானிலிருந்து இன்டர்சிட்டி என்ற நேரடி விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மிலானில் தங்கிக்கொண்டு அரை நாளில் போய்வர நினைக்க வேண்டாம், வண்டியிலேயே நாள் போய்விடும். முந்தைய இரவு ஜெனோவாவிலோ, ரப்பால்லோவிலோ, சாந்தா மார்கெரிட்டாவிலேயோ தங்குவதுதான் சரி. மூன்றில் சாந்தா மார்கெரிட்டாவுக்கே என் ஓட்டு. விடிந்ததும் பஸ் பிடித்தால் போதும்.

பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை போட வேண்டும். டிக்கெட் கையில் இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான். பரிசோதகரிடம் "தெரியாது" என்று சொல்லிப் பயனில்லை, தினமும் நூறு பேர் அதைத்தான் சொல்கிறார்கள். போனில் வாங்கிய பிராந்திய டிக்கெட்டாக இருந்தால் அதற்கு 'செக் இன்' என்று ஒரு படி உண்டு. ரயில் கிளம்புமுன் அதை அழுத்திவிட வேண்டும். இன்டர்சிட்டி மாதிரி இருக்கை எண்ணோடு வரும் டிக்கெட்டுக்கு இரண்டும் தேவையில்லை. இன்னொன்று: 'ஷோப்பெரோ' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலைநிறுத்தம் என்று பொருள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அந்த நாளில் மாட்டிக்கொண்டால் இந்த நேரங்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சாந்தா மார்கெரிட்டாவிலிருந்து போர்ட்டோஃபினோ சுமார் 5 கிலோமீட்டர். பஸ், படகு, நடை என்று மூன்று வழி. போவதற்கு பஸ், வருவதற்குப் படகு அல்லது நடை என்பதுதான் என் கணக்கு. காரணம் எளிது. பஸ் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடும், படகு அப்படி இல்லை, சீசனிலும் முதல் படகு ஒன்பதைத் தாண்டித்தான். படகை நம்பிக் காத்திருந்தால் ஊரின் மிக நல்ல ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகும்.

பஸ் எண் 782. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நிறுத்தம். டிக்கெட்டை ஏறுமுன்பே வாங்கிவிடுங்கள். புகையிலைக் கடை என்று வெளியே வெள்ளை 'டி' எழுத்துப் பலகை மாட்டியிருக்கும் கடைகளில் கிடைக்கும், போனிலும் வாங்கலாம். கடற்கரை நிறுத்தத்தில் ஏறலாம் என்று கீழே நடந்து போகாதீர்கள். நிலையத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், கீழே ஏறுபவர்கள் தொங்கிக்கொண்டுதான் வருவார்கள். இடப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். போகும்போது கடல் முழுக்க இடப் பக்கம்தான். இருபது, இருபத்தைந்து நிமிடப் பயணம். எதிரே ஒரு வேன் வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டிய அளவுக்குச் சில வளைவுகளில் சாலை குறுகலானது.

இந்தச் சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 29 அன்று வீசிய புயலில், வழியில் இருக்கும் பராஜிக் குடா பக்கத்தில் சாலை அப்படியே கடலோடு போனது. அதே புயலில் பக்கத்து ரப்பால்லோ துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் உடைந்து நூற்றுக்கணக்கான உல்லாசப் படகுகள் நொறுங்கின. போர்ட்டோஃபினோவுக்குப் பல மாதங்கள் கடல் வழியும் காட்டுப் பாதையும் மட்டுமே மிச்சம். 2019 ஏப்ரலில்தான் சாலை மறுபடி திறந்தது. இப்போது நீங்கள் போகும் அந்தப் பகுதி புதிதாகக் கட்டியது.

கார் வேண்டவே வேண்டாம். ஊருக்குள் கார் போக முடியாது, நுழைவாயிலில் ஒரே ஒரு பார்க்கிங் கட்டடம். அதன் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும், சீசனில் பத்து மணிக்குள் நிரம்பியும் விடும். நிரம்பிய பிறகு வருபவர்கள் ஒற்றைச் சாலையில் வரிசையில் நின்று அப்படியே திரும்ப வேண்டியதுதான்.

பஸ் கடைசியாக நிற்பது பியாட்சா டெல்லா லிபெர்த்தா. அங்கிருந்து கடலை நோக்கி வியா ரோமா என்ற சரிவான தெரு. பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, குறுக்குப் பட்டைகள் தீட்டிய முகப்போடு சான் மார்த்தினோ தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றியது. அதை இப்போது பார்க்க வேண்டாம், வரும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் மூன்று நிமிடம் இறங்கினால் சதுக்கம் வந்துவிடும். உள்ளூரில் எல்லோரும் பியாட்செட்டா என்றுதான் சொல்வார்கள், சின்னச் சதுக்கம் என்று அர்த்தம். கூழாங்கல் பதித்த தரை சரிந்து சரிந்து போய் அப்படியே கடலுக்குள் இறங்கும். அந்தச் சரிவில் சின்ன மரப் படகுகளை இழுத்துப் போட்டிருப்பார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களுக்கு இந்தத் தரை பெரும் பாடு, சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும். மழை பெய்திருந்தால் வழவழவென்று வழுக்கும். தட்டையான செருப்போடு வராதீர்கள், அடியில் பிடிப்புள்ள ஷூவே நல்லது.

சதுக்கத்தின் முழுப் பெயர் பியாட்சா மார்த்திரி டெல் ஒலிவெட்டா, ஒலிவெட்டா தியாகிகள் சதுக்கம். 1944 டிசம்பர் 2 இரவு, ஜெனோவா சிறையில் இருந்த 22 அரசியல் கைதிகளை ஜெர்மானியர்கள் இந்த ஊரின் ஒலிவெட்டா என்ற இடத்துக்குக் கொண்டுவந்து சுட்டுக் கொன்று, உடல்களைக் கடலில் போட்டார்கள். காபி மேசைகளும் கைப்பைக் கடைகளும் நிறைந்த இடத்தின் பெயர்ப்பலகையில் இந்தச் செய்தி இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போவது நாம் செலுத்தும் மரியாதை.

இனி வீடுகள். படங்களில் பார்த்துப் பழகிய அந்த மஞ்சள், செம்மண், ரோஸ் நிற வரிசை. தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் கோட்டைவிடும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது: சுவரில் நீங்கள் பார்க்கும் அலங்காரத்தில் பாதி வெறும் சாயம். ஜன்னலைச் சுற்றியிருக்கும் கல் சட்டம், மேலே முக்கோண முகடு, மூலைகளில் அடுக்கிய கல், மாடிகளுக்கு நடுவே ஓடும் விளிம்பு, எல்லாம் தட்டைச் சுவரில் தீட்டியவை. சில இடங்களில் ஜன்னலே ஓவியம்தான். கல் செதுக்குவது பெரும் செலவு. சுண்ணாம்புப் பூச்சில் தீட்டுவது மலிவு. அதனால் லிகூரியாவின் கரை முழுக்க இந்தப் பழக்கம் வேரூன்றியது. எது கல், எது சாயம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: நிழலைப் பாருங்கள். தீட்டிய சட்டத்தின் நிழல் நாள் முழுக்க ஒரே பக்கம் விழும், நிஜ விளிம்பின் நிழல் சூரியனோடு நகரும். ஒன்பது மணிக்கு இரண்டு நிழலும் எதிரெதிர்ப் பக்கம் விழுகிற ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் படும். பச்சைப் பலகைக் கதவுகளையும் கவனியுங்கள். கீழ்ப்பாதி தனியாக வெளிப்பக்கம் தூக்கி நிறுத்தும்படி இருக்கும். வெயிலும் உள்ளே வராது, காற்றும் தடைபடாது, உள்ளிருந்து கீழே தெருவையும் பார்க்கலாம். கீல் வைத்த அந்தச் சின்னப் பலகை நம் ஊர் வெயிலுக்கும் பொருந்தக்கூடிய யோசனை.

சதுக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தங்க வேண்டாம். மேலே ஏறுங்கள். கடலைப் பார்த்து நின்றால் வலப் பக்கக் கரையோரம் நடந்து, சான் ஜோர்ஜோ என்று அம்புக்குறி போட்ட ஏற்றத்தைப் பிடிக்க வேண்டும். இந்தப் பாதை லிகூரியாவுக்கே உரியது, 'க்ரோசா' என்பார்கள். நடுவில் செங்கல் வரிசை, இரு பக்கமும் கூழாங்கல், இடையிடையே தாழ்வான அகலப் படி. செங்கல் பட்டையின் மேலேயே நடங்கள், கால் நழுவாது. கற்களின் மேல் ஏறுபவர்களுக்குத்தான் கணுக்கால் பிசகும்.

ஆறேழு நிமிடத்தில் மஞ்சள் நிற சான் ஜோர்ஜோ தேவாலயம். மலைமுனை மிகவும் ஒடுங்கிய இடத்தில் நிற்கிறது. அதனால் ஒரு பக்கச் சுவரருகே நின்றால் கீழே குடாவும் ஊரும், மறுபக்கம் போனால் செங்குத்தான பாறையும் திறந்த கடலும். ஊரின் அமைப்பு இங்கேதான் புரியும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் லிபெச்சோ என்ற காற்று இந்தக் கரையின் பெரிய எதிரி. முனை முழுவதும் அதற்கு முதுகைக் காட்டி நிற்க, உள்ளே குடா குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கிறது. திறந்த கடல் பக்கம் அலை பாறையில் மோதும் சத்தம் கேட்கும்போதே, மறுபக்கம் படகுகள் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். படகுக்காரர்கள் ஆதியிலிருந்தே இங்கே ஒதுங்கியதற்குக் காரணம் இதுதான்.

படம் எடுக்க இதுதான் இடம், இதுதான் நேரம். காலை வெயில் வீட்டு முகப்புகளில் விழும், சூரியன் உங்கள் கேமராவுக்குள் பாயாது. பிற்பகல் சரியச் சரிய மேற்கே இருக்கும் மலை நிழல் போடத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் அது இன்னும் சீக்கிரம்.

தேவாலயத்தில் புனித ஜார்ஜின் எச்சங்கள் இருப்பதாக நம்பிக்கை, சிலுவைப்போரிலிருந்து திரும்பிய மாலுமிகள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கட்டடம் பழையது போலத் தெரிந்தாலும் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்து 1950ல் திரும்பக் கட்டியது. ஏப்ரல் 23 அவருடைய திருநாள். அன்று இரவு பியாட்செட்டாவில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஆம், நம் திருக்கார்த்திகைச் சொக்கப்பனையை நினைவூட்டும் அதே மாதிரி உயர நெருப்பு. ஏப்ரல் கடைசியில் பயணம் என்றால் இந்தத் தேதியை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து அதே பாதையில் ஐந்து நிமிடம் மேலே போனால் கஸ்தெல்லோ பிரவுன். கோட்டை என்று பெயர் இருந்தாலும் உள்ளே வீடுதான். ஜெனோவாவில் பிரிட்டிஷ் கன்சலாக (துணைத் தூதராக) இருந்த மான்டேகு யேட்ஸ்-பிரவுன் 1867ல் வாங்கி வசிப்பிடமாக மாற்றினார். மொட்டை மாடியில் நிற்கும் இரண்டு பைன் மரங்கள் 1870ல் அவர் திருமணத்தின்போது கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று நட்டவை. கோட்டை 1961லிருந்து ஊராட்சியின் சொத்து. நுழைவுக் கட்டணம் சில யூரோதான், மாடியிலிருந்து தெரியும் காட்சிக்கே அது தகும். ஆனால் திருமண விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், அந்த நாட்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தைய நாளே திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம், இங்கிருந்து தெரிவதில் முக்கால்வாசி சான் ஜோர்ஜோ சுவரிலிருந்தும் தெரியும்.

கலங்கரை விளக்கம் இன்னும் பத்து, பதினைந்து நிமிட நடை. இதை விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம், அதனாலேயே இது நல்ல நடை. ஒரு பக்கம் மாளிகைகளின் மதில், மறுபக்கம் மரங்களின் இடுக்கில் கடல். பாதை வெட்டிய இடங்களில் பாறையைக் கிட்டத்தில் பாருங்கள். கடலை மிட்டாயை உடைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி: உருண்டைக் கற்கள் நெருக்கமாக ஒட்டி இறுகியிருக்கும். பழங்காலத்தில் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த கற்கள் படிந்து, கெட்டிப்பட்டு உருவானது இந்த முனையின் தென்பகுதி. கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு சின்ன பார் இருக்கிறது. கீழே சதுக்கத்தில் உட்காருவதைவிட இங்கே ஒரு எலுமிச்சைச் சோடாவோடு உட்காருவது எவ்வளவோ மேல். நல்ல வானிலையில் தெளிவாகத் தெரியும் எதிர்க்கரை ஊர்கள் கியாவரி, லவாஞ்ஞா, செஸ்த்ரி லெவாந்தே.

பதினொன்றே கால், பதினொன்றரைக்குத் திரும்பிக் கீழே வந்தால் கூட்டம் வந்துவிட்டிருக்கும். வெளியே நங்கூரமிட்டிருக்கும் சொகுசுக் கப்பல்களிலிருந்து சின்னப் படகுகளில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது.

கூட்டத்தைச் சமாளிக்க ஊராட்சி விதிகள் போட்டிருக்கிறது. 2023ல், படம் எடுக்க ஆட்கள் குவிந்து வழியை அடைக்கும் இடங்களைச் 'சிவப்பு மண்டலம்' என்று அறிவித்தார்கள். காலை 10.30 முதல் மாலை 6 வரை அங்கே நின்று தாமதித்தால் 275 யூரோ வரை அபராதம் என்று அப்போது விதித்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் "செல்ஃபி எடுத்தால் அபராதம்" என்று அந்தச் செய்தி வந்தது. படம் எடுப்பதே குற்றம் என்று அர்த்தமில்லை, வழியில் நின்று அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விஷயம். நீச்சல் உடையோடு தெருவில் நடப்பது, தரையிலும் படிகளிலும் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, இவற்றையும் இங்கே பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பமாக வந்து பொட்டலம் பிரித்துத் தரையில் உட்காருவது நமக்கு இயல்பு. இங்கே மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஊரைப் பற்றிய முக்காலே மூன்று வீசம் புகார் இதில்தான். இத்தாலியில் காபிக்கு இரண்டு விலை உண்டு. கவுண்டரில் நின்று குடித்தால் ஒன்று, மேசையில் உட்கார்ந்தால் இன்னொன்று. சாதாரண ஊரில் வித்தியாசம் கொஞ்சம். பியாட்செட்டாவின் முன்வரிசை மேசையில் அது பல மடங்கு. அதோடு உணவகத்தில் உட்கார்ந்தாலே தலைக்கு இவ்வளவு என்று 'கொப்பெர்த்தோ' பில்லில் ஏறும். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான கட்டணம் அது. விலைப்பட்டியல் வெளியே மாட்டியிருக்கும், உட்காருமுன் அதைப் படித்தால் பின்னால் சண்டை இல்லை.

என் யோசனை: போர்ட்டோஃபினோவில் காபி நின்று குடியுங்கள், ஃபொகாச்சா வாங்கிக்கொள்ளுங்கள், மதியச் சாப்பாட்டைச் சாந்தா மார்கெரிட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபொகாச்சா லிகூரியாவின் உயிர். விரல் தடிமன் ரொட்டி, மேலே விரலால் அழுத்திய குழிகள். அந்தக் குழிகளில் தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மூன்றும் கலந்த கரைசலை ஊற்றிச் சுடுவார்கள். அதனால்தான் குழியின் அடி வெள்ளையாகவும் மென்மையாகவும், மேடு பொன்னிறமாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் குழியில் எண்ணெய் மின்னுவது தெரியும். குழி காய்ந்து கிடந்தால் அது நேற்றையது, வாங்காதீர்கள். எடைக்குத்தான் விற்பார்கள். "உன் எத்தோ" என்றால் 100 கிராம், "தூயே எத்தி" என்றால் 200. ஓர் ஆளுக்கு 150 கிராம் போதும். ஜெனோவாக்காரர்கள் காலையில் இதைக் கப்புச்சீனோவில் முக்கிச் சாப்பிடுவார்கள், டீயில் பொறை முக்குவது போல. உப்பும் பாலும் சேருமா என்று முதலில் தோன்றும். ஒரு தடவை செய்து பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் லிகூரியாவில் பயப்படவே வேண்டாம், இத்தாலியில் இதைவிட வசதியான கரை கிடையாது என்பேன். திரொஃபியே என்ற முறுக்கிய பாஸ்தா வெறும் மாவும் தண்ணீரும், முட்டை சேராது. அதோடு பெஸ்டோ என்ற பேசில் இலைத் துவையல், வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ். பான்சோத்தி என்பது காட்டுக் கீரைகளும் பாலாடைக் கட்டியும் அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பாஸ்தா, மேலே அக்ரூட் பருப்பை அரைத்த சாஸ். ஃபரினாத்தா என்று கேட்டால் கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் கரைத்துப் பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்ட அடை. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும், மேலே மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை: பெஸ்டோவில் சேரும் கட்டிப் பாலாடைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருக்கும், அதுவும் ஆகாது என்பவர்கள் தவிர்க்க வேண்டும். காய்கறி உணவுகளில் நெத்திலி ஒளிந்திருக்கலாம், "சென்சா அச்சூகே" என்று சொல்லிவிடுங்கள். சில பேக்கரிகளில் ஃபொகாச்சா மாவில் 'ஸ்த்ரூத்தோ' எனப்படும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பக்கத்து ரெக்கோ ஊரின் பாலாடை ஃபொகாச்சா வேறு வகை. புளிக்காத மாவை அப்பளம் போல மெல்லிய இரண்டு விரிப்புகளாக இழுத்து, நடுவே இளம் பாலாடைக் கட்டி வைத்துக் கடும் சூட்டில் சில நிமிடம் சுட்டது. 2015லிருந்து புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. ரெக்கோ, சோரி, கமோலி, அவெஞ்ஞோ நான்கு ஊர்களில் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். ஜெனோவாவுக்குத் திரும்பும் ரயில் அவெஞ்ஞோ தவிர மற்ற மூன்று ஊர்கள் வழியாகவே போகிறது, இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறலாம்.

கிளம்பும் நேரம். கால் வலிக்கவில்லை என்றால் பராஜி வரை நடக்கச் சொல்வேன். சான் மார்த்தினோ தேவாலயத்தின் அருகிலிருந்து சாலைக்கு மேலே காட்டுக்குள் ஒரு நடைபாதை தொடங்கும். நிழல் நிறைந்தது, அரை மணி நேரத்தில் பராஜிக் குடாவில் இறங்கிவிடும். வழியில் ஆலிவ் மரங்களைத் தாங்கி நிற்கும் மாடிப்படி வயல்களின் கல் சுவர்கள். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்கியவை. மழைநீர் இடுக்குகளின் வழியே கசிந்து போய்விடுவதால் சுவர் பிதுங்காது. இந்தக் கட்டும் கலையை 2018ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பராஜியில் தண்ணீர் அப்படியொரு பச்சை, மூன்று பக்க மரங்களும் அதில் பிரதிபலிக்கின்றன. மணல்பரப்பின் பெரும்பகுதி குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் தனியார் வசம், இலவசத் துண்டு சின்னது. குளிக்க ஆசைப்பட்டால் காலையே வந்திருக்க வேண்டும். பராஜியிலிருந்து அதே 782 பஸ் பிடிக்கலாம். ஆனால் பகலில் போர்ட்டோஃபினோவிலேயே நிரம்பிவிட்டு வரும் பஸ் இங்கே நிற்காமல் போவதுண்டு. உட்கார்ந்தே போக வேண்டும், கூடவே வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் இந்த நடையை விட்டுவிட்டு போர்ட்டோஃபினோவிலிருந்தே படகு ஏறுங்கள்.

படகுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. கால் மணி நேரத்தில் சாந்தா மார்கெரிட்டா வந்துவிடும். புறப்பட்டதும் பின்பக்கம் உட்கார்ந்து ஊரையே பாருங்கள். முதலில் வீட்டு வரிசை முழுதாகத் தெரியும், பிறகு பாதி, அப்புறம் பாறை முன்னால் வந்து மறைத்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் அங்கே ஒரு ஊர் இருந்த சுவடே இருக்காது. டிக்கெட் படித்துறையிலேயே கிடைக்கும், ரொக்கம் கையில் வைத்திருங்கள். அலை அதிகமான நாளில் படகை ரத்துச் செய்துவிடுவார்கள், அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். காலையில் படித்துறைப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் இந்தச் சிக்கலில் மாட்ட மாட்டீர்கள்.

சான் ஃப்ருத்துவோசோவையும் இதே அரை நாளில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்க வேண்டாம். சாலையே இல்லாத குடா, கரையில் ஒரு பழைய பெனடிக்டைன் மடாலயம், கடலடியில் சுமார் 17 மீட்டர் ஆழத்தில் 1954ல் இறக்கிய வெண்கலக் கிறிஸ்து சிலை, சிற்பி குய்தோ கல்லெத்தி. போர்ட்டோஃபினோவிலிருந்து படகில் அரை மணி, நடந்தால் இரண்டு மணி நேரம் ஏற்ற இறக்கம். அங்கே படகுத்துறை தெற்கு நோக்கித் திறந்திருப்பதால் காற்று சற்று எழும்பினாலே படகு நிற்காது. நடந்து போனவர்கள் நடந்தே திரும்ப வேண்டும். அதற்கு ஒரு முழு நாளைத் தனியாக வையுங்கள்.

எந்த மாதம் என்றால் ஏப்ரல் பின்பாதி, மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரம் இத்தாலியே கடற்கரையில்தான் இருக்கும், அப்போது வேண்டாம். நவம்பரில் மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடைகள் பாதி மூடியிருக்கும், படகும் குறைவு. ஆனால் பஸ் ஓடும், சான் ஜோர்ஜோ சுவரருகே உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பெரிய பெட்டியோடு நேராக வராதீர்கள். போர்ட்டோஃபினோவில் பெட்டி வைக்க இடமில்லை, பஸ்ஸிலும் இடமில்லை. தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அல்லது ஜெனோவா பியாட்சா ப்ரின்சிபே நிலையத்தின் பெட்டிக் காப்பறையில் போட்டுவிட்டுக் காலை ரயிலைப் பிடியுங்கள்.